டிஸ்மிஸ்டு என்ற ஒரு சொல்

ஹூஸ்டனில் எங்கள் மாடி அறையை வாடகைக்குக் கேட்டு வந்த பையனின் பெயரை என் மனைவி கூகுளில் தேடினாள். ஏதோ ஒரு தளத்தில் அவன் கைதான படம். வேண்டவே வேண்டாம் என்றாள்.

சரி, மூலப் பதிவையே பார்ப்போம் என்று ஹாரிஸ் கவுண்டி டிஸ்ட்ரிக்ட் கிளார்க் (எங்கள் மாவட்ட நீதிமன்றப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) தளத்தைத் திறந்தேன். கவுண்டி சிறையை நடத்தும் ஷெரிஃப் தளத்தில் யார் சிறையில் இருக்கிறார் என்று தேடலாம். வழக்கு என்ன ஆனது என்பதற்குக் கிளார்க்கிடம்தான் போக வேண்டும். அதே பெயரில் நாலு பேர்! பிறந்த தேதியை வைத்துத்தான் அவனைக் கண்டுபிடித்தேன். டிஸ்போசிஷன், அதாவது வழக்கின் முடிவு என்ற இடத்தில் ஒரே சொல்: டிஸ்மிஸ்டு. வழக்கே தள்ளுபடி. அந்தப் படத்துக்குக் கீழே இதை யாரும் எழுதவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

டெக்சாஸில் இப்படித் தள்ளுபடியான பல வழக்குகளில், கைதுப் பதிவையே அழிக்கச் சொல்லி எக்ஸ்பங்ஷன் மனு போடலாம். வக்கீலைப் பார்க்கச் சொல்லி, அப்புறம் சாவியைக் கையில் கொடுத்தேன்.