வெள்ளைக்கோடு

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, விடிகாலை 3 மணிக்குக் காரைக்குடியிலிருந்து கிளம்பினோம். 18 பேர். பச்சை வேட்டி, கழுத்தில் மாலை, முதுகில் லாரிக்காரர் கண்ணில் படட்டும் என்று ஒட்டிய ஒளிரும் ஸ்டிக்கர். பழனிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். முதல் நாள் திருப்பத்தூர் வரைக்கும்தான். இருபது சொச்சம், இதென்ன பெரிய தூரம் என்றுதான் நினைத்தேன்.

குன்றக்குடி வரை அரோகராவும் அரட்டையுமாகப் போனது. மயில்மேல் ஆறுமுகமாய் அமர்ந்த சண்முகநாதரை மலையேறிக் கும்பிட்டு இறங்கும்போது நன்றாக விடிந்திருந்தது. அடுத்து பிள்ளையார்பட்டி. குடைவரைக்குள் வலம்புரித் தும்பிக்கையோடு, இரண்டே கைகளோடு கற்பக விநாயகர். வரிசை நீளம். "தம்பியைப் பார்க்கப் போறோம், அண்ணன்கிட்ட சொல்லாம போகலாமா?" என்றார் குருசாமி. காத்திருந்ததில் வெயில் ஏறிவிட்டது.

அப்புறம்தான் இருக்கிறது கதை. வெறுங்காலில் தார் சுட ஆரம்பித்தது. ஓரத்து மண்ணில் இறங்கினால் சரளைக்கல்லும் கருவேல முள்ளும். எனக்கு முன்னால் போன ஒரு ஆச்சி மட்டும் அலுங்காமல் நடந்துகொண்டிருந்தார். காலைப் பார்த்தேன். சாலையோர வெள்ளைக்கோட்டை விட்டு இம்மி நகரவில்லை. நானும் ஏறினேன். என்ன ஒரு குளிர்ச்சி! குளிர்ச்சி என்பது கொஞ்சம் அதிகம்தான். கருப்புத் தாருக்கு வெள்ளைப் பெயின்ட் எவ்வளவோ மேல். ஆனால் ஒரு பாதம் வைக்கிற அகலம்தான் அது. 18 பேரும் எறும்பு மாதிரி ஒருவர் பின் ஒருவராக, பேச்சு மூச்சில்லாமல். பெயின்ட் தேய்ந்துபோன இடம் வந்தால் முன்னால் போகிறவர் "முருகா" என்பார். பின்னால் வருகிறவர்களுக்கு அது எச்சரிக்கை, அவருக்கு அது வேண்டுதல்.

ஒரு புளியமர நிழலில் நான் உட்காரப் போனதும் ஆச்சி அதட்டினார். "நின்னுக்கிட்டே தண்ணி குடிங்க சாமி. உக்காந்தா எந்திரிக்க விடாது." கேட்கவில்லை. எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

திருப்பத்தூர் மண்டபத்தில் காலை நீட்டியபோது இடது குதிகாலில் எட்டணா அளவுக்கு ஒரு கொப்புளம். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து தன் பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"எத்தனாவது வருசம் ஆச்சி?"

"கணக்கு வச்சா கால் வலிக்கும் சாமி" என்று எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.