போர்ச்சுகலின் 3-ம் நம்பர்

தர்மபுரியில் எந்த கிரவுண்டுக்குப் போனாலும் போர்ச்சுகல் ஜெர்சி போட்ட பையன் நாலு பேராவது இருப்பான், எல்லார் முதுகிலும் 7-ம் நம்பர். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, ரொனால்டோ ரொனால்டோதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன்களுக்கு பிராக்டிஸ் கொடுக்கும்போது டீம் பிரிக்கிற நேரம் வந்தால்தான் தொல்லை. "அண்ணா, என்னை ஃபார்வர்டுல விடுங்கண்ணா" என்று எல்லாரும் கையைத் தூக்குவார்கள், ஸ்டாப்பராக, அதாவது பின்னால் நின்று கோல் விழாமல் தடுக்கிற ஆளாக நில் என்று நான் சொன்ன பையன் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போவான். அவனிடம் நான் சொல்கிற பெயர் பெப்பே. அதே போர்ச்சுகல், அதே ஜெர்சி, நம்பர் மட்டும் 3.

உடனே பதில் வரும்: "அந்த அடிக்கிற ஆளா?" ரீல்ஸில் பார்த்திருப்பார்கள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆடிய ஒரு மனிதர் பத்து செகண்ட் வீடியோவாகச் சுருங்கிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வீடியோவை மறைக்க வேண்டியதில்லை, அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். 2009 ஏப்ரல், பெப்பே அப்போது ஆடிய ஸ்பெயின் கிளப் ரியல் மாட்ரிட், சொந்த மைதானத்தில் இன்னொரு ஸ்பெயின் கிளப்பான கெட்டாஃபேவோடு ஆடுகிறது, ஸ்கோர் 2-2, ஆட்டம் முடிய சில நிமிஷம்தான் பாக்கி. பெனால்டி பாக்ஸுக்குள் கெட்டாஃபே வீரர் கஸ்கேரோவைத் தள்ளிவிட்டு பெனால்டி கொடுத்ததோடு நிற்காமல், கீழே விழுந்து கிடந்தவரைக் காலால் உதைத்தார் பெப்பே. ரெட் கார்டு, பத்து மேட்ச் தடை. அந்த பெனால்டியை மாட்ரிட் கோல்கீப்பர் கசியாஸ் பிடித்துவிட்டார், கடைசியில் ஹிகுவெய்ன் கோல் அடித்து மாட்ரிட் 3-2 என்று ஜெயித்தும் விட்டது, ஆனால் அந்த ராத்திரி யாருக்கும் ஞாபகம் இருப்பது அந்த உதைதான். பெப்பே மன்னிப்புக் கேட்டார். செய்தது தப்பு, பெரிய தப்பு. 2011-ல் பார்சிலோனாவோடு, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ஒரு ரெட் கார்டு, 2014 உலகக் கோப்பையில் ஜெர்மனியோடு முதல் பாதியிலேயே முல்லரிடம் தலையைக் கொண்டுபோய் முட்டி இன்னொன்று. அந்த மேட்ச் 0-4. கோபம் ஒரு டீமை எவ்வளவு தூரம் கீழே தள்ளும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் கிடைக்காது.

ஆனால் மாட்ரிட் அவரைப் பத்து வருஷம் சும்மா வைத்திருக்கவில்லையே. பிரேசிலில் மசெயோ என்ற கடற்கரை ஊரில் 1983-ல் பிறந்தவர், பதினெட்டு வயதில் கடல் தாண்டி போர்ச்சுகலின் மடெய்ரா தீவுக்கு, மரிட்டிமோ கிளப்புக்கு வந்தார். ரொனால்டோ பிறந்த அதே தீவு, அவர் சின்ன வயதிலேயே லிஸ்பனுக்குக் கிளம்பிப் போய்விட்ட பிறகு இவர் அங்கே வந்து இறங்குகிறார். 2004-ல் போர்ச்சுகலின் பெரிய கிளப்பான போர்ட்டோ, அங்கே லீக் கோப்பைகள், 2007-ல் 3 கோடி யூரோவுக்கு மாட்ரிட். ஒரு டிஃபெண்டருக்கு அன்றைக்கு அது பெரிய காசு. அதே வருஷம் போர்ச்சுகல் குடியுரிமை, நவம்பரில் ஃபின்லாந்தோடு முதல் மேட்ச், 0-0. ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2008-க்கு போர்ச்சுகல் போவதை உறுதி செய்த ஆட்டம் அது. ஸ்டாப்பரின் முதல் மேட்சே கோல் வாங்காத மேட்ச், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். 2009 கடைசியில் முழங்கால் லிகமெண்ட் கிழிந்து ஆறு மாசம் படுத்தவர் அடுத்த கோடையில் உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக ஆடினார். மாட்ரிட்டில் மொத்தம் 334 மேட்ச், மூன்று லீக் பட்டம், மூன்று சாம்பியன்ஸ் லீக்.

2016 யூரோ ஃபைனலை நம் ஊரில் நடுராத்திரி பன்னிரண்டரைக்கு உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ரொனால்டோ 25-வது நிமிஷத்தில் ஸ்ட்ரெச்சரில் போனது ஞாபகம் இருக்கும், 109-வது நிமிஷத்தில் எடெர் அடித்த கோலும் இருக்கும். அந்த ரெண்டுக்கும் நடுவில் எண்பத்து நாலு நிமிஷம் பிரான்ஸை, அதுவும் பாரிஸில் அவர்கள் வீட்டிலேயே, கோல் அடிக்க விடாமல் வைத்தது யார்? தொடை காயத்தால் அரையிறுதி ஆடாமல் இருந்து ஃபைனலுக்குத் திரும்பி வந்த பெப்பே. ஆட்ட நாயகன் விருதும் அவருக்குத்தான். சும்மா கொடுக்கவில்லை.

அப்புறம் துருக்கியில் பெஷிக்டாஷ் கிளப், 2019 ஜனவரியில் மறுபடி போர்ட்டோ. முப்பத்தைந்து வயதுக்கு மேல் பழைய வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் ஒன்றிரண்டு வருஷம் கையசைத்துவிட்டுப் போவார்கள். இவர் அங்கே இன்னும் ரெண்டு லீக் பட்டம் வாங்கினார். அதைவிட முக்கியம், ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார். இளமையில் பாய்ந்து பாய்ந்து டேக்கிள் போட்டவர், பின்னால் விழுவதே குறைந்துபோனது. நம்ம பக்கத்து மாந்தோப்புக் காவல்காரர் மாதிரி, துரத்துவதைவிட எந்த வேலி வழியாக வருவான் என்று தெரிந்து அங்கே முன்னாடியே நிற்பது. எங்கள் கிரவுண்டு சரளை மண், ஸ்லைடிங் போட்டால் தொடைத்தோல் மிச்சமிருக்காது. அதனால் எங்கள் பையன்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த வயசான பெப்பேவைத்தான், காலை நீட்டாமல் நின்றபடியே ஃபார்வர்டை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிற பெப்பேவை.

2021 மார்ச் 9, டூரின். ஆளில்லாத ஸ்டேடியம், கொரோனா காலம். சாம்பியன்ஸ் லீக்கில் எதிரே ரொனால்டோ அப்போது ஆடிய யுவெண்டஸ். ரெண்டு மேட்ச் கோல்களையும் கூட்டித்தான் யார் மேலே போவது என்று முடிவாகும்; முதல் மேட்சில் போர்ட்டோ தன் ஊரில் 2-1 என்று ஜெயித்திருந்தது. இங்கே 54-வது நிமிஷத்தில் போர்ட்டோவின் தரேமிக்கு ரெட் கார்டு, மிச்ச நேரம் முழுக்க பத்து பேர், அதற்கு மேல் எக்ஸ்ட்ரா டைம். முப்பத்தெட்டு வயது பெப்பே ஒவ்வொரு கிராஸுக்கும் தலை கொடுக்கிறார், ஒவ்வொரு ஷாட்டுக்கும் குறுக்கே உடம்பைப் போடுகிறார், ஒரு இடத்திலும் கோபப்பட்டுக் கையை ஓங்கவில்லை. 2009-ல் உதைத்த அதே ஆள்தான்! சக வீரன் ரெட் கார்டு வாங்கிப் போன மேட்சில் மற்றவர்களின் தலை சூடாகாமல் பார்த்துக்கொண்டவர் அவர். செர்ஜியோ ஒலிவெய்ரா 115-வது நிமிஷத்தில் ஃப்ரீ கிக்கில் அடித்த கோலால், 3-2 என்று தோற்றும் போர்ட்டோ மேலே போனது; மொத்தம் 4-4 என்று சமமானதால், எதிரி ஊரில் அதிக கோல் அடித்தவருக்கே என்று அப்போது இருந்த வெளியூர் கோல் கணக்கு கைகொடுத்தது.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். 2022 கத்தாரில் ஸ்விட்சர்லாந்தோடு ரொனால்டோ பெஞ்சில், கேப்டன் பட்டை பெப்பேவின் கையில், கார்னரில் ஹெட்டிங் கோல். உலகக் கோப்பை நாக்அவுட்டில் கோல் அடித்தவர்களிலேயே வயதில் மூத்தவர் ஆனார், 39. அடுத்த வருஷம் ஆன்ட்வெர்ப்போடு சாம்பியன்ஸ் லீக்கில் நாற்பது தாண்டி ஒரு கோல், அங்கேயும் அதே சாதனை. 2024 ஜூலையில் ஹாம்பர்க்கில் பிரான்ஸோடு யூரோ காலிறுதி, வயது 41, எம்பாப்பே எதிரே, 120 நிமிஷமும் நின்றார், கோல் விழவில்லை. பெனால்டியில் போர்ச்சுகல் தோற்றது. யூரோவில் ஆடியவர்களிலேயே மூத்தவர் என்ற பெயரோடு, நாட்டுக்காக 141 மேட்ச் ஆடி, அடுத்த மாதமே ஓய்வு பெற்றார். ஹாம்பர்க்கில் தோற்ற அன்றைக்கு அவர் அழுததைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது.

கோல் ஹைலைட்ஸில் இதெல்லாம் கிடைக்காது என்பதுதான் ஸ்டாப்பரின் கஷ்டம், நடக்காமல் போன கோலை யார் வெட்டிப் போடுவார்கள்? அதனால் பையன்களுக்கும் அவர்களைக் கூட்டி வருகிற அப்பாக்களுக்கும் சொல்கிறேன், டூரின் மேட்சை முழுசாகத் தேடிப் பாருங்கள். நேரம் இல்லையென்றால் 54-வது நிமிஷத்திலிருந்து பாருங்கள், பந்தை விட்டுவிட்டு 3-ம் நம்பரை மட்டும்.