தப்பான விடைகளைத் தேடி மாமல்லபுரத்தில்

எங்கள் குடியிருப்பு ஆட்களுக்காக மாமல்லபுரத்தில் புதையல் வேட்டை ஒன்று தயார் செய்துகொண்டிருந்தேன். ஆட்டம் போன ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக நடந்து முடிந்தது. கேள்விகளை எப்படி அமைத்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே மாதிரி நடத்த நினைப்பவர்களுக்கு உதவும்.

வழக்கமான புதையல் வேட்டையில் சீட்டு எழுதி மரத்தடியிலும் தூணுக்குப் பின்னாலும் ஒளித்து வைப்போம். மாமல்லபுரத்தில் அது கூடாது. 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஒட்டவும் கூடாது, செருகவும் கூடாது, ஏறவும் கூடாது. ஆகவே கேள்வித்தாள் கையில் இருக்கட்டும், துப்பு சிற்பத்திலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகள், ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு தமிழ் எழுத்து. சரியான விடைகளின் எழுத்துகளைச் சேர்த்தால் புதையல் இருக்கும் இடத்தின் பெயர் வரும்.

நான்கு விடை தருவதுதானே வழக்கம் என்று கேட்டார்கள். மூன்றே போதும். இப்படி விடை தேர்ந்தெடுக்கும் கேள்விகளைப் பற்றிய பல பத்தாண்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்து, மைக்கேல் ராட்ரிகஸ் என்ற ஆய்வாளர் 2005-ல் வெளியிட்ட கட்டுரையின் முடிவும் அதுதான். நான்காவது விடை பெரும்பாலும் இடத்தை நிரப்பத்தான் வருகிறது, யாரும் அதைத் தொடுவதில்லை. மூன்று விடைகள் வைத்து ஐந்து கேள்வி கேட்டாலே, குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக அமைய 243-ல் ஒரு வாய்ப்புதான்.

உண்மையான வேலை தப்பான விடைகளில்தான் இருக்கிறது. வெண்ணெய் உருண்டைப் பாறையின் எடை என்ன என்று கேட்டால் எல்லோரும் செல்போனை எடுப்பார்கள், சுமார் 250 டன் என்று வந்துவிடும். பாறையை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் நானே வைத்துக்கொண்ட விதி இது: தப்பான விடையும் அந்த ஊரிலேயே, முடிந்தால் அந்த வளாகத்திலேயே, கல்லில் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டையும் பார்த்து ஒப்பிட்டுத்தான் விடை சொல்ல முடியும்.

ஐந்து ரதங்களிடம் கேட்ட கேள்வியைச் சொல்கிறேன். 'பின்பக்கம் அரைவட்டமாக வளைந்திருக்கும் ரதத்துக்குத் துணையாக நிற்பது எது? சிங்கம், நந்தி, யானை.' மூன்றும் அங்கேயே இருக்கின்றன. சிங்கம் திரௌபதி ரதத்துக்கு முன்னால், நந்தி அர்ச்சுனன் ரதத்துக்குப் பின்னால், யானை நகுல சகாதேவ ரதத்தின் பக்கத்தில். கேள்வியில் ரதத்தின் பெயர் இல்லை என்பதால் ஒவ்வொன்றையும் சுற்றி வந்தே ஆக வேண்டும். சுற்றி வந்தால் அந்த வளைவு யானையின் முதுகைப் போலவே இருப்பது தெரியும். தூங்கானை மாடம் என்று சொல்வது இந்த அமைப்பைத்தான்.

எழுத்துகளுக்கு வருகிறேன். புதையலை வைத்த இடம் கலங்கரை விளக்கத்தின் வாசல், எனவே ஐந்தெழுத்துச் சொல் 'கலங்கரை'. காகிதத்தில் எழுதி எழுதிப் பார்க்கும்போது கண்ணில் பட்டது 'கடற்கரை'. அதுவும் ஐந்தெழுத்துதான்! முதலெழுத்தும் கடைசி இரண்டு எழுத்துகளும் அதேதான். இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் வேறு. அன்றைக்கு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யானைக்கு 'ல', சிங்கத்துக்கு 'ட'. அடுத்தது அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் ஒரு விலங்கைத் தேடும் கேள்வி. அதில் சரியான விடையான பூனைக்கு 'ங்', மானுக்கு 'ற்'. இரண்டிலுமே ஏமாறும் டீம் கொஞ்சமும் சந்தேகம் இல்லாமல் கடற்கரைக்கு நடக்கும். ஒன்றில் மட்டும் ஏமாந்தால் 'கடங்கரை' என்றோ 'கலற்கரை' என்றோ வரும். அப்படி ஒரு சொல்லே இல்லாததால் எங்கேயோ இடறிவிட்டோம் என்று அவர்களுக்கே தெரியும்.

இன்னொரு சின்ன விஷயம். மூன்று எழுத்துகளில் ஒன்றுக்கு மட்டும் புள்ளி இருந்தால் அது துருத்திக்கொண்டு தெரியும். அதனால் மூன்றாம் கேள்விக்கு ங், ற், ட் என்று எல்லாமே மெய்யெழுத்து. ஐந்தாவதுக்கு ரை, லை, னை.

தாளைப் பார்த்த எங்கள் குடியிருப்பு டீச்சரம்மா உடனே சொன்னார்: “ங் வந்துட்டா அடுத்தது க தானேப்பா, நாலாவது கேள்வி எதுக்கு?” தமிழ் நடத்தியவர் ஆயிற்றே! நாலாவது கேள்வி கிருஷ்ண மண்டபத்துப் பசுவைப் பற்றியது. ஒருவர் பால் கறக்க, பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கும். அவ்வளவு அழகான காட்சியை யாரும் தாண்டிப் போய்விடக் கூடாது. அதனால் கேள்விகளுக்கு எண் போடாமல் விட்டேன். எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை மகிஷமர்த்தினி குகை வாசலில் தரும் கடைசி உறையில் வைத்தேன்.

ஆட்டத்தன்று ஒவ்வொரு டீமிலும் ஒரு குழந்தையும் ஒரு பெரியவரும் கட்டாயம். மூன்றாம் கேள்வி அர்ச்சுனன் தபசில். கைகளைத் தூக்கி ஒற்றைக் காலில் தவம் செய்யும் மனிதரைப் போலவே நிற்கும் விலங்கு எது? பூனை, மான், குரங்கு. பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு கால் தூக்கியிருக்கிறதே என்று ஒரு டீம் அதையே எழுதிவிட்டது. குகை வாசலில் உறையைப் பிரித்ததும் 'கலற்கரை' என்று வந்தது. தாளிலேயே ஊகித்துத் திருத்தியிருக்கலாம், ஆனால் அவர்கள் டீமில் இருந்த சின்னப் பெண் பூனையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எல்லோரையும் திரும்ப இழுத்துப் போனாள். யானைகளுக்குப் பக்கத்தில், சுற்றிலும் எலிகள் இருக்க, கைகளை உயர்த்தி நிற்கும் பூனையைக் கண்டுபிடித்துவிட்டு, அந்த எலிகளை ஒவ்வொன்றாக விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தாளாம். அந்த டீம் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. எனக்குப் பிடித்த டீம் அதுதான்.

கடற்கரைக்குப் போன டீமும் ஒன்று உண்டு. அங்கேயும் ஓர் ஆளை உறையோடு நிறுத்தியிருந்தோம், பார்க்க வேண்டிய இரண்டு சிற்பங்களின் பெயர் மட்டும் அதில் எழுதியிருந்தது. கடலையும் சும்மா விடவில்லை, காலை நனைத்துவிட்டுத்தான் திரும்பினார்கள்.

அடுத்த வேட்டை மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சாளுவன்குப்பம் புலிக்குகையில். வாயைச் சுற்றி 11 யாளித் தலைகள் இருப்பதால் எண்ணிச் சொல்லும் கேள்வி ஒன்று தயார்: 9, 11, 13. இனி அதற்கு ஏற்ற ஜோடிச் சொற்களைத் தேட வேண்டும். 'கலங்கரை, கடற்கரை' போல இன்னொன்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.