பாரடைசோ கல், மாமரச் சட்டம்: 6 பேர் சாப்பாட்டு மேசை செய்து பார்த்த குறிப்பு

அளவு 6 அடிக்கு 3 அடி, உயரம் 30 அங்குலம். பக்கத்துக்கு இரண்டு நாற்காலி, முனைக்கு ஒன்று. மேலே 18 மி.மீ. பாரடைசோ கிரானைட், கீழே மாமரக் கால்களும் சட்டமும். இந்த அளவுக் கல் மட்டும் 81 கிலோ வரும் (கன மீட்டருக்கு 2,700 கிலோ என்று கணக்கு). விளிம்புப் பட்டை ஒட்டினால் இன்னும் 6 கிலோ. அந்த எடையை நாலு கால் சுலபமாகத் தாங்கும். தலைவலி வேறு இடத்தில். மரம் ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். கல் மயிரிழைகூட வளைந்து கொடுக்காது. இந்த இரண்டையும் ஒரே மேசையில் சண்டையில்லாமல் உட்கார வைப்பதற்குத்தான் வேலையில் பாதி போனது.

பெரிய ஷோரூம்களில் விலை அதிகமான மேசைகள் பெரும்பாலும் இத்தாலிய மார்பிளில் இருக்கும். நம் சாப்பாட்டுக்கு அது ஒத்துவராது. மார்பிள் கால்சியம் கார்பனேட். எலுமிச்சை, புளி, தயிர் எது பட்டாலும் அரிக்கும். ரசம் சிந்தித் துடைக்கத் தாமதித்தால் அந்த இடத்தில் பாலிஷ் செத்த வட்டம் விழும். கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே வெட்டுகிற பாரடைசோவுக்கு அந்தப் பயம் இல்லை. ஊதாவும் பழுப்பும் சாம்பலுமாக அலை அலையாக ஓடும் அந்தக் கோலத்துக்கு வெளிநாட்டில் நல்ல மதிப்பு உண்டு. ஊரில் சமையல் மேடையோடு நிறுத்திவிடுகிறோம்.

ஒற்றைக்கால் வடிவமும் யோசனையில் இருந்தது. கட்டிடக் கலைஞர் ஈரோ சாரினென் 1957இல் நோல் என்ற அமெரிக்க மரச்சாமான் நிறுவனத்துக்குச் செய்த மேசை அப்படித்தான். வட்ட மேசைக்கு அது அழகு. 6 அடி நீளச் சதுரக் கல்லில் யாராவது மூலையில் கையூன்றி எழுந்தால் சாயப் பார்க்கும். அதனால் நாலு கால்.

மரம் (தை முதல் ஆனி வரை)

காய்ப்பு ஓய்ந்த பெங்களூரா ரக மாமரம். ஒன்றேகால் அங்குலப் பலகையாக அறுத்தது. மாமரத்துக்கு இரண்டு எதிரி: மரத்தைத் துளைக்கும் உளுப்பூச்சி, பூஞ்சையால் நீலம் பாய்தல். இரண்டும் அறுத்த சில நாளிலேயே தொடங்கிவிடும் என்பதால், மரம் பச்சையாக இருக்கும்போதே மருந்தில் போட வேண்டும். 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ வெண்காரம், 2 கிலோ போரிக் ஆசிட். காய்ந்த பலகையை முக்கினால் மருந்து மேல்தோலோடு நின்றுவிடும். பச்சை மரத்தில்தான் உள்ளிருக்கும் ஈரத்தின் வழியே ஊறிப் போகும். இரண்டு நாள் ஊறவைத்து, தார்ப்பாய் மூடி மூன்று வாரம் அடுக்கி வைத்தது. பிறகு தார்ப்பாயை எடுத்து, பலகைக்கு நடுவே ஒரு அங்குல ரீப்பர் வைத்து, நிழலில், காற்றோட்டமாக. வெட்டு முனைகளில் பெயின்ட் இரண்டு கை. முதலில் நாலு பலகைக்கு முனையில் பூசாமல் விட்டதில், பங்குனி வெயிலில் மூன்று பலகைகள் முனையிலிருந்து 5 அங்குலம் வரை வெடித்துப்போயின.

ஈரமானி இல்லாதவர்கள் ஒரு பலகையை வாராவாரம் எடை போடலாம். எடை குறைவது நிற்கும்போது மரம் காய்ந்துவிட்டது. இங்கே ஆனி கடைசியில் மானி 11 சதவீதம் காட்டியது.

கால் 3 அங்குலச் சதுரம். அந்தக் கனத்தில் முழுக்கட்டை உள்ளே காய வருடக்கணக்காகும். இழைத்து ஒரு அங்குலமான மூன்று பலகையைத் தண்ணீர் தாங்கும் மரப்பசையால் ஒட்டி, ஒரு இரவு முழுக்க கிளாம்ப் போட்டுக் கால் ஆக்கியது. பக்கச் சட்டம் மூன்றரை அங்குல உயரம், ஒன்றேகால் அங்குலம் இருந்தது இழைத்தபின் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். காலின் துளையில் செருகும் சட்டத்தின் நாக்கு 10 மி.மீ. தடிமன். குறுக்கே மூன்று சட்டம், 16 அங்குல இடைவெளி.

ஒரு சின்ன விஷயத்தைத் தவறவிட்டால் மேசையே போச்சு. மரம் நார் போகும் நீளத்தில் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். காலின் உயரம் நார் வழி, பக்கச் சட்டத்தின் உயரம் நாருக்குக் குறுக்கு. கோடையில் சட்டம் அரை முதல் ஒரு மி.மீ. இறங்கும், கால் அப்படியே நிற்கும். அப்போது மொத்தக் கல்லும் நாலு கால் தலையில் நாலு புள்ளியாக உட்கார்ந்துவிடும். நடுவில் யாராவது குக்கரை ‘டொக்’கென்று வைத்தால் விரிசல். அதனால் கால் தலையை உளியால் சட்டத்தைவிட 1 மி.மீ. தாழ்த்தியது.

மரத்துக்கு மெலமைன் பூச்சு வழக்கம்போல: 220 எண் உப்புத்தாள் வரை தேய்ப்பு, சீலர், பிறகு பளபளக்காத மேட் பூச்சு. மழை நாளில் அடித்தால் வெளுக்கும், அவ்வளவுதான்.

கல் (ஆடி)

பலகைக்கல் எடுக்கும்போது தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். மற்ற இடம் உலர்ந்த பிறகும் கறுப்புக் கோடாக ஈரம் நின்றால் அது விரிசல். நாணயத்தால் தட்டினால் கணீரென்று வர வேண்டும், ‘தொப்’பென்றால் வேண்டாம். (கறுப்புக் கல் வாங்குபவர்கள் தின்னர் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கவும். சாயம் ஏற்றியிருந்தால் துணியில் வரும்.)

பாரடைசோவின் அலைக்கோடு மேசையின் நீளவாக்கில் ஓட வேண்டும். அழகு ஒரு பக்கம். கோடு குறுக்கே விழுந்தால் கல் உடையும்போது அந்த அடுக்கு வழியே உடையும்.

18 மி.மீ. கல்லை 40 மி.மீ. போலக் காட்டுவதுதான் டிசைனர் மேசைகளின் வித்தை. மேற்கல்லின் விளிம்பையும் 40 மி.மீ. பட்டையையும் 45 பாகையில் அறுத்து ஒட்டுவது. பட்டை அதே பலகையில் பக்கத்திலேயே அறுத்ததாக இருந்தால்தான் அலை விளிம்பில் தொடர்ந்து இறங்கும்; ஆகவே ஆறரைக்கு மூன்றரை அடிக்குக் குறையாமல் வாங்க வேண்டும். முதல் பட்டையைப் பாலியெஸ்டர் பசையில் ஒட்டியதில் இணைப்பு மஞ்சளடித்துத் தெரிந்தது. அறுத்தெடுத்து, ஊதா நிறமி கலந்த எபாக்சியில் மறுபடி ஒட்டியது. கூர்முனையை அப்படியே விட்டால் தட்டு பட்டுத் தெறிக்கும், 2 மி.மீ. சரிவு கொடுத்து 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று தண்ணீர் விட்டுப் பாலிஷ். ஒரு எண்ணைத் தாண்டினால் முந்தின கீறல் கடைசிப் பளபளப்பில் தெரியும். உலர்வாக அறுக்கவே கூடாது, கல்தூசு நுரையீரலைத் தின்னும். தண்ணீர் விட்டாலும் என்95 முகமூடி போட வேண்டும்.

ஏற்றம் (ஆவணி)

சட்டத்தின் மேல் 18 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட், கல்லைவிடச் சுற்றிலும் ஒரு அங்குலம் சின்னது. விளிம்புப் பட்டை அதை மறைத்துவிடும். ஒவ்வொரு கால் அடியிலும் திருகி உயர்த்தும் 10 மி.மீ. போல்ட், கல் ஏறும் முன்பே ரசமட்டம் பார்க்க வேண்டும். தரை 2 மி.மீ. கோணலாக இருந்தாலும் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கல் முறுக்கிக்கொள்ளாது.

கல்லுக்கு ஸ்க்ரூ இல்லை, எபாக்சி இல்லை. நியூட்ரல் சிலிக்கோன் 18 பொட்டு, அடிக்கு ஒன்று. காடி வாடை வரும் மலிவான சிலிக்கோன் கல்லில் கறை இறக்கும். கல்லை எப்போதும் நிறுத்தித்தான் தூக்க வேண்டும். படுக்கையாகத் தூக்கினால் தன் எடையிலேயே நடுவில் முறியும். நாலு பேர், இரண்டு வேக்யூம் கப். பிளைவுட்மேல் 2 அங்குலக் கட்டைகள் வைத்து அதில் இறக்கி, பொட்டு ஆடை கட்டுமுன் ஒவ்வொன்றாக உருவியது.

கல்லில் கறை ஊறாமல் தடுக்கும் சீலரை இரண்டு கை பூசி, பத்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஒரு மூலையில் துடைக்க மறந்ததில் பிசுபிசுவென்று படலம். அதே சீலரைத் தொட்டுத் தேய்த்தால்தான் போனது. எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, பிளாஸ்டிக் மூடி ஒரு நாள். சூடான வாணலியைக் கல் தாங்கும், ஆனால் விளிம்பு இணைப்பில் வைக்கக் கூடாது: எபாக்சி இளகும்.

கால் தலைக்கும் பிளைவுட்டுக்கும் இடைவெளி, இடுக்கு அளக்கும் ஃபீலர் கேஜில்: ஐப்பசி மழையில் 1.2 மி.மீ., பங்குனியில் 0.5. மிஞ்சிய கல்லில் 4 அடி பெஞ்சு ஒன்று வரும். அதற்கான கால் கட்டைகள் இப்போது மருந்தில் ஊறுகின்றன.