ஆச்சி வீட்டுக்கு அனுப்பும் முன்

பிப்ரவரி 25, செவ்வாய்

காலை 8 மணிக்கு முன்பே மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாயிற்று. ஏப்ரல் 26 நெல்லை எக்ஸ்பிரஸுக்கு இன்றுதான் முன்பதிவு தொடக்கம். முன்பெல்லாம் 120 நாள் இருந்தது; 2024 நவம்பரிலிருந்து 60 நாளாக்கிவிட்டார்கள். மூன்று படுக்கை கிடைத்தது. சின்னவனுக்கு ஏழு வயதுதானே, அரை டிக்கெட் போதாதா என்றார் இவர். அரை டிக்கெட்டுக்குப் படுக்கை கிடையாது. தனிப் படுக்கை வேண்டுமென்றால் 2016-லிருந்தே முழுக் கட்டணம்தான். விடிய விடிய அவனிடம் விலாவில் உதை வாங்க எனக்குத் தெம்பில்லை. முழு டிக்கெட்டே எடுத்துவிட்டேன்.

மே மாதம் முழுக்கப் பிள்ளைகள் அம்பாசமுத்திரத்தில், என் அம்மாவிடம். கொண்டுபோய் விட்டுவிட்டு நான் வேலைக்குத் திரும்பிவிடுவேன்.

மார்ச் 16, ஞாயிறு

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கோடைப் பயிற்சி முகாம் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அபாகஸ், வேதகணிதம், கையெழுத்து, ரோபோட்டிக்ஸ். இதில் ரோபோட்டிக்ஸ் யு.கே.ஜி. பிள்ளைகளுக்கும் உண்டாம். சும்மா இருந்தால் பிள்ளைகளுக்குப் போரடிக்குமே என்று ஒருவர் எழுதியிருந்தார். அடிக்கட்டுமே! வருஷம் முழுக்க அரைமணிக்கு ஒரு மணியடித்து நகர்த்தப்படுகிற பிள்ளைகள், அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு மாதமாவது தாங்களே யோசிக்கட்டும்.

இதை அங்கே எழுதவில்லை. எழுதினால் சாயங்காலம் லிஃப்டில் பதில் சொல்லி மாளாது.

ஏப்ரல் 1, செவ்வாய்

மே 31 திரும்பும் டிக்கெட். வெயிட்டிங் லிஸ்ட். ஜூன் 2 பள்ளி திறப்பு என்பதால் ஊரே அன்றைக்குத்தான் கிளம்புகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மாவிடம் போனில் பேசும்போது, பிள்ளைகளுக்கு ஏ.சி. இல்லாமல் தூக்கம் வருமா, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்று அடுக்கினேன். "ஏட்டி, நீ எதுக்குக் கெடந்து அலட்டிக்கிடுதே? நீ வளந்த வீடுதான இது?" என்றாள். சரிதான். ஆனால் அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். என் பிள்ளைகள் வளர்வது நாலாவது மாடி ஃப்ளாட்டில். அம்மாவுக்கு எழுபது ஆகிறது. பிள்ளைகள் சுதந்திரமாகத் திரிய வேண்டுமென்றால், ஒவ்வொன்றுக்கும் "ஆச்சி, ஆச்சி" என்று அவளைக் கூப்பிடாத அளவுக்காவது தேறியிருக்க வேண்டும்.

ஆகவே இன்று ராத்திரியிலிருந்து ஏ.சி. கிடையாது. மின்விசிறி மட்டும். முதல் முணுமுணுப்பு பிள்ளைகளிடமிருந்து வரவில்லை, இவரிடமிருந்து வந்தது.

ஏப்ரல் 12, சனி

யாரும் பேசக் கூச்சப்படுகிற விஷயம், ஆனால் போன தடவை பெரியவள் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்ததற்குக் காரணமே இதுதான்: ஊரில் இருப்பது குத்தவைத்து உட்காரும் கழிப்பறை. எங்கள் ஃப்ளாட்டில் இரண்டுமே வெஸ்டர்ன்.

பால்கனியில் பயிற்சி. பெரியவள் சமாளித்துவிட்டாள். சின்னவனுக்குக் குதிகால் தரையில் படவே மாட்டேன் என்கிறது. முன்விரலில் நின்று தள்ளாடி, அப்படியே பின்னால் சாய்ந்து துளசித் தொட்டியில் போய் முட்டினான். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அந்தப்படியே உட்கார்ந்து பட்டாணி உரித்துத் தரச் சொன்னேன். பட்டாணி பாதி அவன் வாய்க்குப் போனாலும், குதிகால் கொஞ்சம் இறங்கிவிட்டது.

ஏப்ரல் 16, புதன்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். பெரியவளுக்குப் பத்து முடிந்துவிட்டது, பத்து வயதில் போடவேண்டிய டி.டி. ஊசி பாக்கி இருந்தது. டெட்டனஸ், டிப்தீரியா இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசி, இலவசம். இனி தோப்பில் ஆணி, முள் எதை மிதித்தாலும் எனக்குப் பாதிப் பயம்தான். அடுத்தது பதினாறில்.

ஏப்ரல் 20, ஞாயிறு

என் அப்பாவின் தொலைபேசி எண் பிள்ளைகளுக்கு மனப்பாடம். சின்னவன் அதை ராகம் போட்டுப் பாடுகிறான், நடுவில் நிறுத்தினால் மறந்துவிடுகிறது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் கறார். அப்பாவிடம் தெளிவாகப் பேசிவிட்டேன். தோப்புக் கிணற்றில் அவர் கூட இருந்தால் மட்டும், முதுகில் சுரைக்குடுக்கை கட்டித்தான் நீச்சல். தாமிரபரணியில் படித்துறையோடு சரி, அதுவும் பெரியவர்கள் கைக்கெட்டும் தூரத்தில். மேலே பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் ஓட்டம் சட்டென்று கூடிவிடும். பாறையில் பாசி வேறு. பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். பத்து விதி போட்டால் ஒன்றும் மனதில் நிற்காது. அதனால் விதி இது ஒன்றுதான்.

ஏப்ரல் 25, வெள்ளி

பள்ளி முடிந்தது. விடுமுறை வீட்டுப்பாடம் என்று ஒரு கத்தை. பெட்டியில் வைக்கவில்லை. ஜூன் 1-ஆம் தேதி ஞாயிறு முழுக்க இருக்கிறதே.

ஏப்ரல் 27, ஞாயிறு

திருநெல்வேலியில் இறங்கி செங்கோட்டைப் பாசஞ்சரைப் பிடித்தோம். கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலத்தில் ரயில் ஏறியதும் இரண்டு பேரும் சன்னலுக்குச் சண்டை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த கையோடு பெரியவள் செருப்பை எங்கேயோ கழற்றிப் போட்டாள். நான் கிளம்பும்வரை அது அகப்படவில்லை. டி.டி. போட்டது நல்லதாகப் போயிற்று.

மே 4, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் தொடக்கம், 28 வரை. மதியம் வெளியே விடவேண்டாம் என்று சொல்லத்தான் போன் செய்தேன். பதினொன்றிலிருந்து நாலு வரை திண்ணையில் தாயமாம். சின்னவன் கள்ள ஆட்டம் ஆடுகிறான் என்று பெரியவள் புகார். சொல்லிக்கொடுத்தது ஆச்சிதான் என்கிறான் அவன். அம்மா மறுக்கவில்லை.

மே 31 டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்டில்தான் நிற்கிறது. நகராவிட்டால் 30-ஆம் தேதி காலை 11 மணிக்குத் தட்கல்.