ட்ரைடன் 28 புதுப்பிப்பு: ஊறிப்போன டெக்கும் செயின்பிளேட்டும்

கார்ல் ஆல்பெர்க் வரைந்து, பியர்சன் நிறுவனம் 1959 முதல் கட்டிய ட்ரைடன் என்ற பாய்மரப் படகின் அடிப்பகுதி கெட்டியான ஃபைபர்கிளாஸ். ஜேம்ஸ் பால்ட்வின் இந்த ரகப் படகு ஒன்றில் இரண்டு முறை உலகைச் சுற்றி வந்தார். அடிப்பகுதியில் கைவைக்க அதிகம் இல்லை. வேலை எல்லாம் டெக்கில், அதாவது மேல்தளத்தில்தான். மேலும் கீழும் மெல்லிய ஃபைபர்கிளாஸ் தோல், நடுவே பால்சா என்ற இலேசான மரக் கட்டை. ஸ்டான்ஷன் (ஓரக் கம்பிவேலியின் தூண்), கிளீட் (கயிறு கட்டும் கொம்பு), கைப்பிடி என்று எதை முடுக்கினாலும் அந்தத் துளை பால்சா வழியாகப் போகிறது. துளையைச் சுற்றியுள்ள கசிவுத்தடுப்புப் பூச்சு காய்ந்து வெடித்ததும் தண்ணீர் இறங்கத் தொடங்குகிறது. சோலார் பேனலும் புதுக் கருவிகளும் வாங்கும் முன் இதை முடிப்பதே சரியான வரிசை. பேனலுக்காகப் போடும் துளையும் இன்னொரு கசிவு வழிதான்.

முதலில் தட்டிப் பார்த்தல். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் கைப்பிடி அளவு இடைவெளியில் தட்டினால், நல்ல இடம் கணீரென்றும் கெட்ட இடம் மொத்தென்றும் ஒலிக்கும். சந்தேகம் உள்ள இடத்தில் உள்பக்கமாக, மேல் தோலைத் தொடாமல், 3 மி.மீ. துளை போட்டு வரும் தூளைப் பார்க்க வேண்டும். வெளுத்து உலர்ந்திருந்தால் நல்லது. கருத்து ஈரமாக இருந்தால் அந்தப் பகுதியைத் திறந்தே ஆக வேண்டும். ஊசியால் எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) செலுத்தி ஒப்பேற்றும் வழி பலரையும் ஈர்க்கும். ஈரக் கட்டையில் எபாக்சி ஊறாது, ஒட்டாது. உள்ளே அழுகல் அப்படியே இருக்கும்.

திறக்கும்போது வெட்டுக்கோடு வழுக்காத பரப்புக்குள் விழட்டும். பிறகு அடிக்கும் பெயின்ட் ஒட்டுக்கோட்டை மறைத்துவிடும். வட்ட ரம்பத்தின் ஆழத்தை மேல் தோலின் தடிமனுக்கு மட்டும் வைக்க வேண்டும். ஊறிய பால்சா கையோடு வரும், நல்லதை உளியால்தான் பெயர்க்க முடியும். எல்லாப் பக்கமும் உலர்ந்த கட்டை தெரியும் வரை போக வேண்டும். கட்டை போனதும் கீழ்த் தோல் தொய்யும் என்பதால் கேபினுக்குள் முட்டுக் கொடுக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. அந்தத் தொய்வோடு ஒட்டிவிட்டால் டெக்கில் நிரந்தரப் பள்ளம்தான்.

எடுத்த அதே தடிமனில் புதிய பால்சா. இரு பக்கமும் வெறும் எபாக்சி பூசி ஊறவிட்டு, பிறகு சிலிக்கா தூள் கலந்த கெட்டி எபாக்சியைப் பல் கரண்டியால் பரப்பி அமுக்கி, மேலே பாலிதீன் விரித்து மணல் பை ஏற்ற வேண்டும். ஊறவிடும் படியைத் தவிர்த்தால் பால்சா ஒட்டுப்பசையின் ரெசினைக் குடித்துவிடும். இணைப்பு வறண்டு பிரியும். கலந்த எபாக்சியை ஆழமான டப்பாவில் விட்டால் சூடேறிப் புகையும். உடனே அகலத் தட்டில் ஊற்றுவது நல்லது. சீக்கிரம் இறுக வேண்டும் என்று அதை இறுக வைக்கும் திரவமான ஹார்டனரைக் கூட்டினால் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். மேல் தோலைத் திரும்ப ஒட்டியபின் ஒட்டுக்கோட்டின் இருபுறமும் தோலின் தடிமனைப்போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடித் துணியை அடுக்கடுக்காக வைத்து மூட வேண்டும்.

இனி ஒவ்வொரு போல்ட் துளையும். 6 மி.மீ. போல்ட் என்றால் மேல் தோலையும் பால்சாவையும் 12 மி.மீ. அளவுக்குத் துளைத்து, கீழே டேப் ஒட்டி, கெட்டி எபாக்சியால் நிரப்ப வேண்டும். இறுகியபின் அதன் நடுவே 6 மி.மீ. துளை. மேல் விளிம்பைக் கூம்பாகச் சீவினால் பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டும் கசிவுத்தடுப்பு நாடா) அங்கே வளையமாக அமர்ந்து கசிவைத் தடுக்கும். போல்ட்டை அசைய விடாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் முடுக்குவது முக்கியம். பியூட்டைல் மெல்லப் பிதுங்கும். ஓரிரு நாள் இடைவெளியில் இன்னும் சில முறை முடுக்கியே முழு இறுக்கத்துக்கு வரும். டீசலும் பெட்ரோலும் அதைக் கரைக்கும், ஆகவே எரிபொருள் மூடியைச் சுற்றி வேண்டாம். சிலிகான் எங்குமே வேண்டாம். அது பட்ட இடத்தில் பின்னால் எதுவும் ஒட்டாது. கீழே வாஷர் மட்டும் போதாது, ஸ்டான்ஷனுக்கும் கிளீட்டுக்கும் 6 மி.மீ. தடிமனுள்ள ஃபைபர்கிளாஸ் தகடு தேவை.

செயின்பிளேட் என்பது பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் படகோடு பிணைக்கும் உலோகத் தகடு. அதைக் கழற்றாமல் சோதிப்பது வீண். டெக்குக்கு மேலும் கீழும் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டெக்கின் உள்ளே ஈரத்தில் ஆக்சிஜன் கிடைக்காமல் பள்ளம் பள்ளமாக அரித்திருக்கும். சாயம் ஊடுருவும் சோதனையில் ஒரு மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அது போக வேண்டியதே. 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதுத் தகடு, புது போல்ட். அது பிடித்திருக்கும் பிளைவுட் தடுப்பையும் கூர்முனையால் குத்திப் பார்க்க வேண்டும்.

ட்ரைடனில் பாய்மரம் டெக்கின் மேல் நிற்கிறது. அதன் அடியில் நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து, பள்ளமோ கேபின் கதவில் இறுக்கமோ தெரிந்தால் கீழுள்ள மரத் தாங்கி அமிழ்ந்திருக்கிறது. பாய்மரத்தை இறக்கிய பிறகே அதைத் தொட முடியும்.

எல்லாம் பொருத்தியபின் குழாய்த் தண்ணீர்ச் சோதனை. தாழ்வான பொருத்தியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மேலேற வேண்டும், ஒரே நேரத்தில் முழு டெக்கையும் நனைத்தால் எது கசிகிறது என்று தெரியாது. உள்ளே சொட்டும் இடத்துக்கும் மேலே நுழையும் இடத்துக்கும் ஒரு மீட்டருக்கு மேல்கூட இடைவெளி இருக்கலாம். கேபின் கூரைப் பலகைகளைச் சோதனை முடியும்வரை பொருத்தாமல் வைத்திருப்பது அதற்காகத்தான்.