ஷெப்பர்ட்ஸ் பை: நாலாவது தடவைதான் கரண்டியில் நின்றது

ஷெப்பர்ட்ஸ் பை, கறிமேல் உருளைக்கிழங்கு மசியல் வைத்து ஓவனில் சுடுகிற பிரிட்டிஷ் பண்டம். முதல் தடவை செய்ததில் கரண்டியை விட்டு அள்ளினேன். பை வரவில்லை, குழம்பு வந்தது. மேலே இருக்கவேண்டிய உருளைக்கிழங்கு மசியல் பாதி கீழே இறங்கிவிட்டது. கீழே இருக்கவேண்டிய கறி ஓரமெல்லாம் பொங்கி மேலே ஏறியிருந்தது. மகள் எட்டிப் பார்த்து, "சூப்பாப்பா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, நிஜமாகவே சந்தேகத்தில் கேட்டாள்.

இந்த வேலையில் இறங்கியதே ஒரு குடும்ப விருந்துக்காகத்தான். அப்பாவுக்குக் கீழ்வரிசை முழுக்கப் பல் செட். மென்று தின்னவேண்டிய கறி எதையும் ஓரமாக ஒதுக்கிவிடுவார். மகளுக்கு உறைப்பு நாக்கில் பட்டாலே போதும், தட்டு நகர்ந்துவிடும். அக்கா எத்தனை மணிக்கு வருவாள் என்பது அக்காவுக்கே தெரியாது. அம்மா, மனைவி, நான் என்று மொத்தம் ஆறு பேர். முன்னாடியே செய்து மூடிவைத்துவிட்டு, ஆள் வந்ததும் ஓவனுக்குள் தள்ளினால் ஒரே பாத்திரத்தில் எல்லாருக்கும் சாப்பாடு ஆகவேண்டும். அப்படித் தேடியபோது கிடைத்ததுதான் இது. "ரொம்ப ஈஸி" என்றுதான் பார்த்த குறிப்பெல்லாம் சொன்னது.

பை என்றால் பொதுவாக மாவு ஓடு வைத்துச் சுடுகிற பண்டம். இதன் பெயரில் 'பை' இருந்தாலும் மேலே மாவு ஓடு கிடையாது. கீழே ஆட்டுக்கறிக் கைமா, மேலே மசித்த உருளைக்கிழங்கு, அவ்வளவுதான். ஷெப்பர்ட் என்றால் ஆடு மேய்ப்பவர், அதனால் ஆட்டுக்கறி. மாட்டுக்கறியில் செய்தால் அதன் பெயர் காட்டேஜ் பை. இன்றைக்குப் பிரிட்டனில் இந்த வித்தியாசத்தைக் கறாராகப் பிடிக்கிறவர்கள் உண்டு. ஆனால் இரண்டு பெயரில் காட்டேஜ் பைதான் மூத்தது. 1791-லேயே அந்தப் பெயர் எழுத்தில் வந்துவிட்டது.

சரி, முதல் தடவை நான் செய்த கோளாறுகள். அரைக் கிலோ கைமாவை மொத்தமாக ஒரு சின்ன வாணலியில் கொட்டினேன். இரண்டு நிமிஷத்தில் கறியிலிருந்து தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே கறி வெந்தது. நிறம் சாம்பல், வாசனை அவித்த கறி வாசனை. அதன்மேல் இரண்டு கப் ஸ்டாக்கை (எலும்போ காய்கறியோ வேகவைத்து வடித்த சாறு) வேறு ஊற்றினேன். உருளைக்கிழங்கை வடித்த கையோடு மசித்து, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை ஊற்றித் தளர்த்தினேன். கொதிக்கிற கறிமேல் கொழகொழ மசியலை அப்படியே கவிழ்த்தேன். மூழ்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது தடவை கறியை விட்டுவிட்டு மசியலில் கவனம் வைத்தேன். வைத்ததுதான் தப்பு. கட்டியே இல்லாமல் வழவழவென்று வரட்டும் என்று மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று விட்டேன். வெண்ணெய் மாதிரி வரும் என்று நினைத்தால், சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி வந்தது. கரண்டியைத் தூக்கினால் கூடவே நூலாக எழும்புகிறது. வெந்த கிழங்கின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து உப்பியிருக்கிறது. மத்தால் அழுத்தினால் செல்கள் பெரும்பாலும் முழுசாகவே ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. மிக்ஸியின் கத்தி அவற்றை வெட்டிக் கிழித்துவிடுகிறது, உள்ளே இருந்த மாவுச்சத்தெல்லாம் வெளியே வந்து ஒட்டுகிறது. அப்படி ஆனபிறகு வெண்ணெய் போட்டாலும் பால் விட்டாலும் திரும்பாது. நான் எல்லாம் போட்டுப் பார்த்தேன். அன்று கறியை மட்டும் ரொட்டியோடு சாப்பிட்டோம்.

கிழங்கும் முக்கியம். உடைத்தால் மாவாக உதிர்கிற வகை வேண்டும். பிரிட்டனில் மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் என்பார்கள், அமெரிக்காவில் ரசட். வெந்தபிறகும் மெழுகு மாதிரி விறைப்பாக நிற்கிற வகை சாலட்டுக்குச் சரி, இதற்குச் சரிப்படாது. வகைப் பெயர் தெரியாவிட்டால் ஒன்றை மட்டும் அவித்து முள்கரண்டியால் குத்திப் பாருங்கள். ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தால் அதுதான்.

இந்த இரண்டு தோல்விக்கும் பிறகு ஒன்று படித்தேன். 1849-ல் எடின்பரோவில் வெளியான ஒரு சமையல் புத்தகத்தில் ஷெப்பர்ட்ஸ் பை செய்முறை இருக்கிறது. ஏற்கெனவே வெந்த கறி எதுவானாலும் சரி, அதைக் கொத்தாமல் துண்டு போட்டு, மேலே மசியல் வைத்துச் சுடச் சொல்கிறது. படித்ததும்தான் எனக்கு உறைத்தது. இது மிச்சக் கறியைத் தீர்க்கிற பண்டம். ஒருமுறை சுட்டு வைத்த கறி ஏற்கெனவே தன் தண்ணீரை விட்டுக் காய்ந்திருக்கும், அதற்குக் கிரேவி ஊற்றினால் பொருந்தும். நானோ பச்சைக் கைமாவை எடுத்து, அது விடுகிற தண்ணீரைக் கணக்கில் சேர்க்காமல் அதே கிரேவியையும் ஊற்றிக்கொண்டிருந்தேன். கறியில் தண்ணீர், கிழங்கில் தண்ணீர், ஸ்டாக்கில் தண்ணீர். என் பை சமைக்கத் தெரியாமல் கெடவில்லை, வற்றவிடத் தெரியாமல் கெட்டது.

மூன்றாவது தடவை முழுக்க வற்றவைக்கிற வேலைதான். இருப்பதிலேயே அகலமான வாணலியை எடுத்து, புகை வரப்போகிற அளவு சூடாக்கி, கைமாவை மூன்று பங்காகப் போட்டேன். போட்டதும் கிளறக் கூடாது. கை பரபரக்கும், இருந்தாலும் இரண்டு நிமிஷம் சும்மா விடவேண்டும். தண்ணீர் இருக்கிறவரை கறியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி பழுப்பாகி அந்த வறுத்த வாசனை வர 140 டிகிரிக்கு மேலாவது வேண்டும். தண்ணீர் சுண்டும்வரை 'சளசள' என்று சத்தம் வரும், சுண்டியதும் 'சடசட' என்று மாறும். அந்தச் சத்தம் மாறுகிற இடம் பிடிபட்டபிறகு கடிகாரம் பார்க்கவேண்டிய தேவை போய்விட்டது. கறியை வாரித் தட்டில் வைத்தபின் வாணலியில் நின்ற கொழுப்பில் ஒரு கரண்டி மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வடித்தேன்.

கிழங்கைப் பெரிய துண்டுகளாக்கி, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரிலேயே அடுப்பில் ஏற்றினேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் கரைந்துபோகும், நடு வேகாது. வெந்ததும் வடித்து, அதே பாத்திரத்தில் திரும்பப் போட்டு, சிறு தீயில் இரண்டு நிமிஷம் குலுக்கினேன். ஆவி பறந்து, கிழங்கின் மேல்புறம் வெள்ளை மாவு பூத்த மாதிரி ஆகும். அதுவரை மத்தைத் தொடவே கூடாது. பிறகு சூட்டோடு மசித்து, முதலில் வெண்ணெய், அதன்பிறகு சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக. கரண்டியைச் சாய்த்தால் தானாக விழக் கூடாது, ஒரு உதறு உதறினால்தான் விழவேண்டும்.

சுவை அன்றைக்கே வந்துவிட்டது. பார்வைதான் வரவில்லை. ஓரத்தில் கிரேவி பொங்கி ஓவன் தரையில் சொட்டிக் கருகியது. மேலே மசியல் வெளுப்பாகவே கிடந்தது. நடுவில் மசியலைக் குவித்து ஓரத்துக்கு இழுத்திருந்தேன், ஓரம் சரியாக அடைபடவில்லை. மேல்பக்கத்தைக் கரண்டியால் அழகாக வழித்துவிட்டிருந்தேன், அதனால் சிவக்க மேடு எதுவும் இல்லை. மனைவி ஒருவாய் சாப்பிட்டுவிட்டு, "கண்ணை மூடிட்டுச் சாப்பிட்டா நல்லாத்தான் இருக்கு" என்றாள். சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

இனி நாலாவது, அதாவது விருந்து நாள். ஆறு பேருக்கு நான் எடுத்த அளவு: ஆட்டுக் கைமா 750 கிராம், உருளைக்கிழங்கு 1.2 கிலோ, வெங்காயம் இரண்டு, கேரட் இரண்டு, செலரி ஒரு தண்டு, பூண்டு மூன்று பல், தக்காளி பேஸ்ட் இரண்டு மேசைக்கரண்டி, மைதா ஒன்றரை மேசைக்கரண்டி, ஸ்டாக் 300 மில்லி, பட்டாணி 150 கிராம், வெண்ணெய் 75 கிராம், பால் 100 மில்லிக்குள். தைம், ரோஸ்மேரி என்ற வாசனைத் தழைகள் கொஞ்சம். வூஸ்டர்ஷயர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி. இந்த சாஸின் புட்டியைத் திருப்பிப் படித்தபோது வினிகர், நெத்திலி இவற்றோடு புளியும் இருந்தது. உச்சரிக்கவே வராத பெயர், உள்ளே பார்த்தால் நம்ம புளி! கொழுப்புக் கறிக்கு அந்தப் புளிப்பு வேண்டியிருக்கிறது. அது இல்லாமல் செய்த முதல் தடவை நாலாவது வாயிலேயே திகட்டியது. சாஸிலும் ஸ்டாக்கிலும் உப்பு இருப்பதால் தனி உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட்டேன்.

கறியை வறுத்து எடுத்துவிட்டு, அதே வாணலியில் வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கிப் போட்டுப் பத்து நிமிஷம் வதக்கினேன். பூண்டு, பிறகு தக்காளி பேஸ்ட். அதன் பச்சை வாசனை போய், சிவப்பு கொஞ்சம் செங்கல் நிறத்துக்கு இறங்கும்வரை வறுக்கவேண்டும். மைதாவைத் தூவி ஒரு நிமிஷம் கிளறி, கறியைத் திரும்பப் போட்டு, ஸ்டாக், சாஸ், தழைகள். மூடாமல் அரைமணி நேரம் சிறு தீ. கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தேன், வாணலியின் அடி தெரிந்தது, மூன்று எண்ணும்வரை மூடிக்கொள்ளவில்லை. அதுதான் பதம். பட்டாணியை அடுப்பை அணைத்தபிறகு போட்டேன், இல்லாவிட்டால் பச்சை நிறம் போய்விடும்.

அப்புறம் செய்யவேண்டியது காத்திருப்பது. இரண்டு லிட்டர் பாத்திரத்தில் கறியைப் பரப்பி, முழுக்க ஆறவிட்டேன். ஆறினால் மேலே லேசாக இறுகிவிடும், மசியலின் பாரத்தைத் தாங்கும். முதல் தடவை மூழ்கியதற்கு இதுதான் பாதிக் காரணம். மசியலை இந்த முறை ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். கரண்டி கரண்டியாகச் சுற்றிலும் வைத்து, பாத்திரத்தின் விளிம்போடு அழுத்தி ஒட்டி, கடைசியாக நடுவை நிரப்பினேன். முள்கரண்டியால் வரப்பு வரப்பாகக் கீறிவிட்டேன். கீறினால் மேடுகள் சீக்கிரம் காய்ந்து சிவக்கும். அழகுக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மேலே உருக்கிய வெண்ணெய் இரண்டு கரண்டி.

அக்கா வழக்கம்போல் லேட். அது வரைக்கும் பாத்திரம் ஃபிரிட்ஜில் இருந்தது. அவள் படியேறும் சத்தம் கேட்டதும் ஓவனை 200 டிகிரியில் வைத்தேன். அறைச்சூட்டில் இருந்தால் அரைமணி போதும், ஃபிரிட்ஜிலிருந்து நேராக வைத்ததால் 45 நிமிஷம் பிடித்தது. அடியில் ஒரு தட்டு வைத்திருந்தேன், ஒரு சொட்டுகூட விழவில்லை. வெளியே எடுத்ததும் எல்லாரும் கரண்டியோடு வந்துவிட்டார்கள். பத்து நிமிஷம் யாரையும் தொடவிடவில்லை, அதற்குள் கிரேவி இறுகிவிடும். அம்மா, "ஆறிப் போயிடும்டா" என்று இரண்டு முறை சொன்னாள். ஆறவில்லை. மசியல் போர்வை மாதிரி, உள்ளே சூட்டைப் பிடித்து வைத்திருந்தது.

முதல் கரண்டி. கீழே கறி, மேலே கிழங்கு, நடுவில் சுத்தமான ஒரு கோடு. தட்டில் வைத்தேன், நின்றது. மகள் குனிந்து பார்த்து, "இது பைதான்" என்றாள்.

அப்பாவுக்கென்று நடுவிலிருந்து, மேலோடு இல்லாத மெத்தென்ற பாகமாகப் பார்த்து எடுத்துவைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார். தட்டைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார்.

"என்னடா, இதுல மெல்றதுக்கு ஒண்ணுமே இல்ல?" என்றார். "அந்த மூலைல மொறுமொறுன்னு சிவந்திருக்கே, அதை இப்படித் தள்ளு."